சோலை வரி: வாய் திறக்கத் தந்த ஒரு மாதம்

எங்கட ஊர் வீடுகளுக்குப் புதிய மதிப்பீட்டு அறிவித்தல்கள் வந்து சேர்ந்திருக்கின்றன. சில வீடுகளில் கையில் தந்திருக்கிறார்கள். சில வீடுகளில் கேற்றுக்கு மேலால் எறிந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கடிதத்தைப் பார்த்த சனத்திடம் மூன்று விதமான கதைதான் கேட்கிறது. ஒன்று, "என்ன செய்யிறது, கட்டத்தானே வேணும்." இரண்டு, "சபைக்குள்ள ஒரு ஆளைத் தெரியும், கதைச்சுக் குறைக்கலாம்." மூன்று, "றோட்டில லைற் இல்லை, வாய்க்கால் துப்பரவில்லை, இவங்களுக்கு ஏன் வரி? ஒருத்தரும் கட்டக்கூடாது."

இந்த மூன்றுக்கும் எதிராகத்தான் நாங்கள் இதை எழுதுகிறோம். மூன்றும் வேறு வேறு மாதிரித் தெரிந்தாலும் மூன்றிலும் ஒரு பொது விசயம் இருக்கிறது. அந்தக் கடிதத்தின் கீழே ஒரு வரி இருக்கிறதே, ஆட்சேபனை இருந்தால் இன்ன திகதிக்கு முன் எழுத்தில் அறிவிக்கவும் என்று, அதை ஒருத்தரும் வாசிக்கவில்லை. வாசித்தவர்களும் அது தங்களுக்கு எழுதப்பட்டது என்று நம்பவில்லை.

சோலை வரி என்பது எங்கட வீட்டுக்கும் சபைக்கும் இடையில் வருடா வருடம் நடக்கிற ஒரு கொடுக்கல் வாங்கல். வாக்குப் போடுவது சில வருடத்துக்கு ஒருமுறை. வரி கட்டுவது காலாண்டுக்கு ஒருமுறை. ஆனால் வாக்கைப் பற்றி இரவிரவாய்ப் பேஸ்புக்கில் சண்டை பிடிக்கிற எங்கட தலைமுறைக்கு, வீட்டுக்கு வந்த வரிக் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. அது அப்பாவின்ர வேலை, அம்மம்மாவின்ர தலையிடி. அப்படியே விட்டுவிட்டோம். இனி விடக்கூடாது.

எதை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள்?

முதலில் அடிப்படை. மாநகரசபைகளுக்கு இந்த அதிகாரத்தைத் தருவது 1947ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க மாநகரசபைகள் கட்டளைச்சட்டம். வரி உங்கட காணியின் விற்பனை விலைக்குப் போடப்படுவதில்லை. ஆண்டுப் பெறுமதிக்குத்தான் போடப்படுகிறது. ஆண்டுப் பெறுமதி என்றால், அந்த வீட்டை ஒரு வாடகைக்காரர் எடுத்தால் நியாயமாக வருடத்துக்கு எவ்வளவு வாடகை கொடுப்பார் என்பது. வீட்டுக்காரர் திருத்த வேலைகளைப் பார்த்துக்கொள்வார், வாடகைக்காரர் வரிகளைக் கட்டிக்கொள்வார் என்று வைத்துக்கொண்டு போடுகிற ஒரு கற்பனை வாடகை. நீங்கள் வாடகைக்கு விட்டீர்களா இல்லையா என்பது இங்கே கேள்வியில்லை.

அந்தப் பெறுமதியில் இத்தனை வீதம் வரி என்று சபை தீர்மானிக்கும். கணக்கு விளங்குவதற்காக மட்டும் ஒரு உதாரணம்: மாதம் 15,000 ரூபா வாடகை வரும் என்று மதிப்பிட்டால் வருடத்துக்கு 180,000. சபை 10 வீதம் என்று வைத்தால் வருட வரி 18,000. காலாண்டுக்கு 4,500. முழு வருடத்துக்கும் ஜனவரி 31க்குள் கட்டினால் 10 வீதக் கழிவு, அந்தந்தக் காலாண்டின் முதல் மாதத்துக்குள் கட்டினால் 5 வீதக் கழிவு என்பது பொது நடைமுறை. கட்டாமல் விட்டால் பிடியாணைச் செலவு சேரும். வீட்டுச் சாமானைப் பறிமுதல் செய்யவும் சட்டத்தில் இடமிருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது, இங்கே இரண்டு இலக்கங்கள் இருக்கின்றன. ஒன்று உங்கட வீட்டின் பெறுமதி. மற்றது ஊருக்கெல்லாம் பொதுவான வீதம். எல்லா வீட்டின் பெறுமதியும் ஒரேயளவாக இரண்டு மடங்கானால், சபை வீதத்தைப் பாதியாக்கலாம். ஒருவருடைய வரியும் ஒரு ரூபா கூடக் கூடாது. ஆகவே மதிப்பீடு என்பது உண்மையில் உங்கட வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் அடுத்த தெரு ஹோட்டலுக்கும் இடையில் சுமையைப் பங்குபோடுகிற வேலை. ஓட்டு வீட்டுக்காரிக்குக் கூடப் போட்டு மாடி வீட்டுக்காரருக்குக் குறையப் போட்டால், மாடி வீட்டின் பங்கையும் ஓட்டு வீடுதான் சுமக்கும். அதனால்தான் மதிப்பீட்டுப் பிழையை ஒருவரின்ர சொந்தக் கஷ்டமாகப் பார்க்க ஏலாது. அது ஊர் நியாயம் சம்பந்தப்பட்டது.

வீதம் கூடவென்றால் அதைச் சபை அமர்விலும் பாதீட்டு நேரத்திலும் எல்லாரும் சேர்ந்து கேட்க வேண்டும். பெறுமதி பிழையென்றால் அதை வீட்டுக்கு வீடு, எழுத்தில் கேட்க வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டு தேத்தண்ணிக் கடையில் நின்று திட்டுவதால் ஒன்றும் மாறாது.

காணி விலை வாடகை இல்லை

எங்கட மாதிரி ஊர்களில் இந்தக் கற்பனை வாடகை எப்படிப் பிழைக்கிறது என்பதுதான் அடுத்தது. கொழும்பு மாதிரி இடத்தில் வாடகைச் சந்தை பெரிது. ஒரு தெருவில் பத்து வீடு வாடகைக்கு இருக்கும், ஒப்பிடலாம். எங்கட ஒழுங்கைகளில் வீட்டை வாடகைக்கு விடுகிறவர்கள் சிலர்தான். மிச்ச வீடுகளில் சொந்தக்காரர் இருக்கிறார், அல்லது பூட்டிக் கிடக்கிறது. ஆஸ்பத்திரிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் பக்கத்தில் அறை அறையாய்ப் பிரித்து விடுகிற வீட்டின் வாடகையைக் கொண்டுவந்து, மழை பெய்தால் முழங்காலளவு தண்ணி நிற்கிற ஒழுங்கையில் இருக்கிற வீட்டுக்குப் பொருத்தினால் என்ன நியாயம்?

இன்னொன்று காணி விலை. ஒரு பரப்பு இன்ன லட்சம் போகுது என்ற கதை எங்கட ஊரில் காலநிலை விசாரிக்கிற மாதிரி ஆகிவிட்டது. அந்த விலையைத் தீர்மானிப்பது இங்கே உழைக்கிற காசு இல்லை. பவுணிலும் டொலரிலும் உழைக்கிற காசு. ஆனால் வாடகையைக் கொடுப்பது இங்கே ரூபாவில் சம்பளம் எடுக்கிற ஆசிரியர், தாதி, கடைச் சிப்பந்தி. காணி விலை ஏறிய வேகத்தில் வாடகை ஏறவில்லை. ஏற ஏலாது, ஏனெண்டால் சம்பளம் ஏறவில்லை. சட்டம் கேட்கிறது வாடகையை. "காணிக்கு இப்ப நல்ல விலைதானே" என்பது மதிப்பீட்டுக்குப் பதில் இல்லை.

இதற்கு எதிராக ஒரு நல்ல கேள்வி இருக்கிறது. நல்ல இடத்தில் காணி வைத்திருப்பவர் வசதியானவர்தானே, அவர் கூடக் கட்டினால் என்ன? கட்ட வேண்டும். நாங்கள் அதை மறுக்கவில்லை. கோயில் வீதியில் திருமண மண்டபம் வைத்திருப்பவரும், வெளிநாட்டில் இருந்துகொண்டு நாலு வீட்டைப் பூட்டி வைத்திருப்பவரும் தங்கட பங்கை முழுசாகக் கட்டட்டும். ஆனால் சீதனமாய் வந்த பழைய வீட்டில், கூரைக்குப் பாதி ஓடும் பாதி சீற்றுமாய்ப் போட்டுக்கொண்டு, ஓய்வூதியத்தில் இருக்கிற ஒரு அம்மாவுக்கு அந்தக் காணி விலையால் ஒரு நேரச் சாப்பாடும் கிடைப்பதில்லை. அவ விற்றால்தான் அது காசு. விற்றால் அவவுக்கு வீடு இல்லை. வாடகையை அளவுகோலாக வைத்த சட்டம் இந்த வித்தியாசத்துக்கு இடம் விட்டிருக்கிறது. அந்த இடத்தை மூடுவது மதிப்பீடு செய்கிற முறை.

நாங்கள் பார்த்தது

போன விடுமுறையில் நாங்கள் சிலர் சேர்ந்து எங்கட சனசமூக நிலைய வாசிகசாலையில் பின்னேரங்களில் இருந்தோம். அறிவித்தல் வந்தவர்கள் கொண்டுவந்து காட்டினால் வாசித்து விளங்கப்படுத்துவது, தேவையென்றால் ஆட்சேபனை எழுத உதவுவது. அவ்வளவுதான். ஊரின்ர பேரையும் சபையின்ர பேரையும் இங்கே எழுதவில்லை. பேரைப் போட்டால் அந்தக் கந்தோரில் மட்டும் நடக்கிற விசயம் என்று மற்ற ஊர்க்காரர் தப்பித்துக்கொள்வார்கள்.

வந்த கடிதங்களில் என்ன இருந்தது? ஒன்றில், எப்போதோ இடிந்து தரைமட்டமான முன்பக்கத் தேத்தண்ணிக் கடை இன்னும் கடையாகவே இருந்தது. வீட்டுக்கு வியாபார இடத்துக்குரிய கணக்கு. இன்னொன்றில், அளவெடுக்க வந்தவர் வீட்டுக்குள் வரவில்லை, மதிலுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போனார் என்று வீட்டுக்காரர் சொன்னார். பின்னால் தகரம் போட்ட பத்தி கட்டடத்தோடு சேர்ந்து அளவாகியிருந்தது. இன்னொரு வீட்டில் அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் பிரித்துக் கொடுத்த வளவு இன்னும் ஒரே இலக்கத்தில் கிடந்தது. யார் எவ்வளவு கட்டுவது என்று அவர்களுக்குள் கதை பேச்சே இல்லை.

எல்லாத்தையும் விடப் பெரிய பிரச்சினை பெயர். கடிதங்களில் பாதி, செத்துப்போனவர்களுக்கு வந்திருந்தன. தாத்தாவின் பேர், இடம்பெயர்ந்த காலத்தில் தவறிப்போன மாமாவின் பேர், கனடாவில் இருக்கிற பெரியப்பாவின் பேர். வீட்டில் இருப்பது ஒரு பெண். உறுதியில் அவவின்ர பேர் இருக்கலாம், சீதன உறுதி எண்டால் அவவின்ர பேரில்தான் இருக்கும். ஆனால் சபையின் புத்தகத்தில் ஒரு ஆம்பிளையின்ர பேர். "இது எனக்கு வந்த கடிதம் இல்லையே பிள்ளை, நான் எப்பிடி எழுதுறது?" என்று ஒரு அம்மா கேட்டா. முப்பது வருடமாய் அந்த வீட்டுக்கு அவதான் வரி கட்டுறா. கட்டுகிற கை அவவினது. கேட்கிற வாய் மட்டும் வேற யாருடையதோ எண்டு அவவே நினைச்சுக்கொண்டிருந்தா.

போரும் இடப்பெயர்வும் புலம்பெயர்வும் நடந்த ஊர்களில் ஒரு உறுதியைப் புதுப்பிப்பது லேசான வேலையில்லை. பிரசித்த நொத்தாரிசுக்குக் காசு வேண்டும், வெளிநாட்டில் இருப்பவர்களின் கையெழுத்து வேண்டும், மரணச் சான்றிதழ் வேண்டும். சிலருக்கு மரணச் சான்றிதழே எடுக்க ஏலாது, எடுக்க மனமும் இல்லை. காணாமற்போன பிள்ளையைச் செத்ததென்று எழுதிக் கொடுக்கச் சொல்லி எந்தத் தாயிடம் கேட்பது? இவ்வளவு கனமான ஒரு நிலத்தில், "உரிமையாளர் ஆட்சேபிக்கலாம்" என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போவது சபைக்குச் சுகம்.

ஆனால் சட்டம் சபையைவிடப் பரவாயில்லை. மாநகரசபைகள் கட்டளைச்சட்டத்தின் 235ஆம் பிரிவின்படி சபை ஒரு மதிப்பீட்டுப் புத்தகம் வைத்திருக்க வேண்டும். உரிமையாளர் மட்டுமில்லை, அங்கே குடியிருப்பவரும், அவர்கள் அதிகாரமளித்த முகவரும் அதைப் பார்வையிடலாம், குறிப்பெடுக்கலாம். அதற்குக் காசு இல்லை. அதாவது வீட்டில் இருக்கிற அம்மா போகலாம். அவ கடிதம் எழுதித் தந்தால் பேரனோ பேத்தியோ போகலாம். நாங்கள் வாசிகசாலையில் சந்தித்தவர்களில் ஒருவருக்கும் இது தெரிந்திருக்கவில்லை. தெரியப்படுத்துகிற எண்ணத்தோடு எழுதிய ஒரு அறிவித்தலும் எங்கட கண்ணில் படவில்லை.

"ஐயா, தயவுசெய்து குறைச்சுத் தாங்கோ"

இனித்தான் முக்கியமான இடம். சனம் தாங்களாக எழுதிக்கொண்டு வந்த ஆட்சேபனைக் கடிதங்களை வாசித்தபோது எங்களுக்குக் கவலையாக இருந்தது. கிட்டத்தட்ட எல்லாமே ஒரே மாதிரி. நான் ஒரு விதவை, எனக்கு மூன்று பிள்ளைகள், வருமானம் இல்லை, ஆகவே கனம் ஐயா அவர்கள் கருணை கூர்ந்து வரியைக் குறைத்துத் தருமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

அதில் எழுதியிருப்பது எல்லாம் உண்மை. ஆனால் மதிப்பீடு பிழை என்று ஒரு வரி இல்லை. சட்டத்தின் கண்ணில் அது ஆட்சேபனையே இல்லை, மனு. வாடகை எவ்வளவு வரும் என்பதுதான் கேள்வி. கையில் காசு இல்லை என்பது அந்தக் கேள்விக்குப் பதில் ஆகாது. இடிந்த கடையைப் பற்றி, தண்ணி நிற்கிற ஒழுங்கையைப் பற்றி, வெடித்த சுவரைப் பற்றி, பக்கத்து வீட்டுக்குக் குறையப் போட்டிருப்பதைப் பற்றி ஒன்றும் இல்லை.

இதில் ஒரு பொறி இருக்கிறது. ஆட்சேபனையைச் சபை விசாரித்து முடிவு சொல்லும். அந்த முடிவு திருப்தியில்லை என்றால் 236ஆம் பிரிவின்படி, முடிவு அறிவித்து முப்பது நாளுக்குள் நீதிமன்றம் போகலாம். ஆனால் அங்கே போய், முதலில் எழுத்தில் கொடுத்த ஆட்சேபனையில் சொல்லாத காரணம் எதற்கும் சாட்சியம் கொடுக்க ஏலாது. விளங்குதா? அந்த முதல் கடிதத்தில் எழுதாதது பிறகு எந்தக் கதவிலும் எடுபடாது. கருணை கேட்டு எழுதின கடிதம், கேட்டவரின்ர சொந்தக் கையாலேயே நீதிமன்றக் கதவைப் பூட்டுகிறது. போதாததற்கு, முந்திய வருட மதிப்பீட்டையே அடுத்த வருடத்துக்கும் எடுத்துக்கொள்ளச் சபைக்கு அதிகாரம் இருக்கிறது. இன்று விட்ட பிழை அடுத்த பெரிய மதிப்பீடு வரும்வரை கூடவே வரும்.

ஏன் சனம் இப்படி எழுதுகிறது? எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் கந்தோருக்குக் கடிதம் எழுதப் பழக்கியது அப்படித்தான். கனம் ஐயா, தாழ்மையுடன், கருணை கூர்ந்து. உரிமையை உரிமையாய்க் கேட்கிற ஒரு மாதிரிக் கடிதம் எங்கட பாடப் புத்தகத்தில் நாங்கள் பார்த்ததில்லை. அதோடு கந்தோரும் அதையேதான் எதிர்பார்க்கிறது. நாங்கள் துணைக்குப் போன ஒரு விசாரணையில் முதல் கேள்வியே, "என்னம்மா, கட்ட ஏலாதோ?" என்பதுதான். ஏலாது என்று சொன்னால் கொஞ்சம் குறைப்பார்கள். "கட்டுவன், ஆனால் இந்த இலக்கம் எப்பிடி வந்தது எண்டு காட்டுங்கோ" என்று சொன்னால் முகம் மாறும். அழுகிறவருக்குச் சலுகை, கணக்குக் கேட்கிறவருக்கு எரிச்சல். சலுகை தருகிறவர் நல்லவராகிவிடுவார். பிழையான அளவு மட்டும் புத்தகத்தில் அப்படியே கிடக்கும்.

நாங்கள் கேட்பது நல்ல மனிதர்களை இல்லை. சரியான அளவை.

ஆளைப் பிடிக்கிற கலாசாரம்

அழ விரும்பாதவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. ஆளைப் பிடிக்கிறது. இதைச் செய்கிறவர்கள் ஏழைகள் இல்லை. படித்தவர்கள், பதவியில் இருப்பவர்கள், நியாயம் பற்றி மேடையில் பேசுகிறவர்கள். ஒரு ரெலிபோன் அடித்தால் முடிகிற விசயத்துக்கு ஏன் கடிதம் எழுதி விசாரணைக்கு நிற்க வேண்டும் என்பது அவர்களின் வாதம்.

இதில் நட்டம் யாருக்கு என்று யோசித்தீர்களா? மேலே சொன்னோம், மதிப்பீடு என்பது சுமையைப் பங்குபோடுகிற வேலை என்று. ஒருவர் கதைத்துத் தன் பங்கைக் குறைத்தால் அது காற்றில் கரைந்து போவதில்லை. ஆளைத் தெரியாதவரின் தலையில் போய் ஏறும், அல்லது சபையின் வருமானத்தில் குறையும். எழுத்தில் கொடுத்த ஆட்சேபனை வென்றால் அதில் ஒரு காரணம் பதிவாகிறது. அதே காரணம் இருக்கிற அடுத்த வீட்டுக்காரர் அதைக் காட்டிக் கேட்கலாம். ரெலிபோனில் வென்றது ஒருவருக்கும் உதவாது. அது களவாய் வென்றது.

"ஒருத்தரும் கட்டக்கூடாது" என்பவர்களுக்கு

இவர்களின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. குப்பை எடுக்க வராத ஒழுங்கைக்கு ஏன் கட்ட வேண்டும் என்று கேட்டால் எங்களிடமும் சட்டென்று பதில் இல்லை. அதோடு இன்னொரு கோபமும் சேர வேண்டும். 2023 மார்ச்சில் உள்ளூராட்சி சபைகளின் காலம் முடிந்தது. நடக்க வேண்டிய தேர்தலைக் காசில்லை என்று சொல்லி நிறுத்தினார்கள். அது வாக்காளர்களின் அடிப்படை உரிமை மீறல் என்று 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தேர்தல் 2025 மே 6ஆம் திகதிதான் நடந்தது. இரண்டு வருடத்துக்கு மேல் நாங்கள் தெரிவு செய்த ஒருவரும் சபையில் இல்லை. ஆனால் வரிச் சிட்டை மட்டும் ஒரு காலாண்டும் பிந்தவில்லை.

அப்படியிருந்தும் கட்டாதே என்று நாங்கள் சொல்ல மாட்டோம். தெரு விளக்கு, வாய்க்கால், சந்தை, முன்பள்ளி, நூலகம் எல்லாம் சபையின் பொறுப்பில் இருப்பவை. யாழ்ப்பாணப் பொது நூலகம் என்று நாங்கள் உணர்ச்சியோடு பேசுகிறோமே, அது மாநகரசபையின் நூலகம். சோலை வரி என்பது ஒரு சபை தன் கையால் சேர்த்துத் தானே செலவழிக்கக்கூடிய சில வருமானங்களில் ஒன்று. மற்றதெல்லாம் மேலிருந்து வர வேண்டும். முத்திரைத் தீர்வையும் நீதிமன்றத் தண்டப்பணமும் மாகாணத்தின் ஊடாக வர வேண்டும், சம்பளத்துக்கு அரசின் கையைப் பார்க்க வேண்டும். கிழக்கு மாகாண சபைக்கு 2017இலும் வடக்கு மாகாண சபைக்கு 2018இலும் காலம் முடிந்து, அதற்குப் பிறகு தேர்தலே இல்லாமல் போன கதை எங்களுக்குத் தெரியும். இந்த நிலையில் எங்களுக்கென்று மிச்சம் இருக்கிற மிகச் சின்ன ஆட்சி இந்தச் சபைகள்தான்.

அதிகாரப் பகிர்வு என்று மேடையில் தொண்டை கிழியக் கத்துகிற எங்கட கட்சிகளிடம் ஒன்று கேட்கிறோம். ஏற்கனவே உங்கட கையில் இருக்கிற வரி அதிகாரத்தை நியாயமாய்ப் பயன்படுத்திக் காட்டினீர்களா? மதிப்பீடு எப்படி நடக்குது என்று ஒரு வட்டாரக் கூட்டத்தில் விளங்கப்படுத்தினீர்களா? தேர்தல் நேரத்தில் வரியைக் குறைப்போம் என்கிறீர்கள். வென்ற பிறகு விலைமதிப்பீட்டுத் திணைக்களம் செய்தது, எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்கிறீர்கள். திணைக்களம் மதிப்பிடலாம். வீதத்தை வைப்பது சபை. ஆட்சேபனையைக் கேட்டு முடிவு சொல்வதும் சபை. அங்கே இருப்பது நீங்கள்.

எங்களுக்கு இந்த முறையைத் தந்துவிட்டுப் போன இங்கிலாந்திலும் ஸ்கொட்லாந்திலும் வாடகைப் பெறுமதியை வைத்து வீடுகளுக்கு வரி போடுவதை 1990ஆம் ஆண்டுக்குள் விட்டுவிட்டார்கள். அதற்குப் பதிலாக வந்த தலைவரி பெரிய கலவரத்தில் முடிந்து, 1993இல் வேறு வரி வந்தது. எந்த முறையும் சும்மா நியாயமாகிவிடாது என்பதற்குத்தான் இதைச் சொல்கிறோம். 2023இல் சர்வதேச நாணய நிதியத்தோடு செய்த உடன்பாட்டுக்குப் பிறகு நாடு முழுக்க ஆதன வரி என்ற பேச்சு வேறு வந்து போகிறது. வீட்டின் பெறுமதியை யார், எப்படி அளக்கிறார்கள் என்ற கேள்வியை இப்போதே பிடித்துக்கொள்ளாவிட்டால், நாளைக்கு அதே பிழையான இலக்கத்தை வைத்துக்கொண்டு இன்னொரு வரி வாசலில் நிற்கும்.

என்ன வேண்டும்? என்ன செய்யலாம்?

சபைகளிடம் நாங்கள் கேட்பது பெரிய புரட்சி இல்லை. அறிவித்தலில் இலக்கத்தோடு சேர்த்து அது எப்படி வந்தது என்று எழுதுங்கள்: கட்டடத்தின் அளவு, அதன் வகை, எடுத்துக்கொண்ட வாடகை. வீட்டுக்காரருக்கு விளங்குகிற தமிழில் எழுதுங்கள். தெரு வாரியாக மதிப்பீட்டுப் புத்தகத்தின் பிரதியை வட்டார வாசிகசாலைகளில் வையுங்கள். குடியிருப்பவரும் ஆட்சேபிக்க வரலாம் என்று கொட்டை எழுத்தில் போடுங்கள். நாட்கூலிக்குப் போகிறவர்கள் வரக்கூடியதாகச் சனிக்கிழமையிலும் விசாரணை வையுங்கள். முடிவைக் காரணத்தோடு எழுத்தில் கொடுங்கள். தராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்து எடுப்போம். அந்தச் சட்டத்தில் இளம் ஆட்கள் விண்ணப்பிக்கக் கூடாது என்று எழுதியில்லை.

அடுத்தது எங்களுக்கு, அதாவது இதை வாசிக்கிற உங்களுக்கு. உங்கட வீட்டு அறிவித்தலை எடுங்கோ. யாருடைய பேர், எந்தத் திகதிக்கு முன் ஆட்சேபிக்க வேண்டும் என்று பாருங்கோ. வழமையாக ஒரு மாதம்தான் தருவார்கள். அளவு நாடாவால் வீட்டை அளவுங்கோ. போனில் படமெடுங்கோ: வெடித்த சுவர், தகரப் பத்தி, தண்ணி நிற்கிற ஒழுங்கை. அதே ஒழுங்கையில் வாடகைக்கு இருப்பவர்களிடம் எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்று கேளுங்கோ. சபைக்குப் போய் மதிப்பீட்டுப் புத்தகத்தில் உங்கட தெருவைப் பார்த்து எழுதிக்கொண்டு வாருங்கோ.

பிறகு எழுதுங்கோ. கருணை கூர வேண்டாம். "இந்த மதிப்பீட்டை நான் பின்வரும் காரணங்களுக்காக ஆட்சேபிக்கிறேன்" என்று தொடங்கி, ஒன்று, இரண்டு, மூன்று என்று இலக்கமிட்டு எல்லாக் காரணத்தையும் எழுதுங்கோ. ஒன்றையும் பிறகு சொல்லலாம் என்று விடாதேங்கோ. பிரதி ஒன்றில் கந்தோர் முத்திரை வாங்குங்கோ. வீட்டில் கஷ்டம் இருந்தால் அதையும் கடைசியில் எழுதலாம், அதில் வெட்கமில்லை. ஆனால் அது மட்டும் போதாது.

உங்கட வீடு முடிந்ததும் பக்கத்து வீட்டு ஆச்சியிடம் கேளுங்கோ, "ஆச்சி, உங்களுக்கும் கடிதம் வந்ததோ?" எண்டு. பல்கலைக்கழகத்தில் மூன்று வருடம், நாலு வருடம் இருந்து அரசறிவியலும் சமூகவியலும் பொருளியலும் படிக்கிறோம். பங்கேற்பு ஜனநாயகம் பற்றிப் பதினைந்து பக்கத்தில் கட்டுரை எழுதுகிறோம். அதில் ஒரு பக்கமாவது எங்கட ஒழுங்கைக்கு உதவ வேண்டும். விசாரணைக்கு ஒரு ஆள் தனியாய்ப் போனால் அது மனு மாதிரித் தெரியும். ஒரே தெருவில் இருந்து இருபது பேர் இருபது ஆட்சேபனையோடு போனால், கட்ட ஏலாதோ எண்டு கேட்க ஒருத்தருக்கும் வாய் வராது. புத்தகத்தைத் திறந்துதான் ஆக வேணும்.